பழைய ட்ராவல் டிரெய்லரில் போகாத வாடை: எங்கே தேடுவது, எப்படிப் போக்குவது

ஓஹாயோவில் ஒரு முதியவரிடமிருந்து, 1998-இல் செய்யப்பட்ட 24 அடி நீள ட்ராவல் டிரெய்லரை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியை) வாங்கியதாகவும், சமையல் சோடா, வினிகர், கரிப்பை, வாசனைத் தெளிப்பான் என எல்லாவற்றையும் முயன்றும் இரண்டு நாளில் வாடை திரும்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்த மறுநாள் அது கூடுகிறது என்றும், முகாம் சென்று கதவைத் திறந்ததும் சாக்கடை வீச்சம் அடிக்கிறது என்றும் சொல்லிவிட்டு, வாடையைப் போக்க ஓசோன் வாயுவைப் பரப்பும் கருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். துடைத்த பின்னும் இரண்டே நாளில் வாடை திரும்புகிறதென்றால், அதை உண்டாக்கும் பொருள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த இரண்டு நேரங்கள்தான், மழைக்கு மறுநாளும் பயணம் முடிந்த தறுவாயும்தான், எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி. டிரெய்லரில் வாடையின் மூலத்தைக் கண்டுபிடிக்க, அது எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே நல்ல வழிகாட்டி.

எட்டடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள 24 அடி டிரெய்லரின் உள்வெளி, வீட்டில் ஒரு சுமாரான படுக்கையறை அளவுதான். அந்தச் சிறிய வெளிக்குள் ஒட்டுப்பலகை, நுரை மெத்தை, தரைவிரிப்பு, திரைச்சீலை, கழிவுத் தொட்டி, அடுப்பு ஆகிய அனைத்தும் அடைபட்டு, ஆண்டில் ஏழெட்டு மாதம் கதவு திறக்கப்படாமல் கிடக்கின்றன. வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகும் உள்ளங்கை அகல ஈரம் இங்கே முழு டிரெய்லரையும் நிறைத்துவிடும். நம் மூக்கோ சில நிமிடங்களிலேயே பழகிப்போய், வாடை போய்விட்டதாக நம்மை ஏமாற்றும். ஆகவே ஒரு நாள் முழுவதும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, இதுவரை உள்ளே வராத ஒருவரை அழைத்து, எந்த இடத்தில் எந்த வாடை என்று சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இதற்கு வசதியாகத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: பூசண வாடை, சாக்கடை வீச்சம், மூத்திர நெடி, அழுகிய முட்டை நாற்றம், சுருட்டுக் காறல். "ஏதோ நாறுகிறது" என்று விடாமல் இவற்றில் எது என்று பிரித்துச் சொல்ல வைத்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். பழைய டிரெய்லரில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால், ஒன்றைப் போக்கிய பிறகே மற்றொன்று தெரியவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துடைப்பதற்கு முன், ஆபத்தான மூன்று வாடைகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டிரெய்லரின் அடுப்பில் எரியும் புரொப்பேன் வாயுவுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அழுகிய முட்டை போன்ற நெடி அடித்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, ஆள் வைத்துக் குழாய்களைச் சோதியுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால்தான் அதைக் கண்டறியும் கருவியைத் தரையோரம் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கருவிக்கு ஆயுள் சில ஆண்டுகளே. உங்களுடையது 1998-இல் பொருத்தியதாகவே இருந்தால் அது அலங்காரப் பொருள்தான். இரண்டாவது, மின்கலம்: அளவுக்கு மீறி மின்னேற்றப்படும் ஈய-அமில மின்கலமும் ஏறத்தாழ இதே நாற்றத்தைக் கக்கும். மூன்றாவது, குளிர்பெட்டி. வாயுவிலும் இயங்கும் பழைய குளிர்பெட்டிகளில் அமோனியாக் கரைசல் இருக்கிறது, கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வந்தாலோ, பின்புறக் குழாய்களில் மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தாலோ, அதை அணைத்துவிட்டு மாற்றத்தான் வேண்டும், கழுவிப் பயனில்லை.

இனி உங்கள் மழை வாடைக்கு வருகிறேன். பூசணம் வளர ஈரம் வேண்டும். டிரெய்லரில் ஈரத்தின் மூலம் பெரும்பாலும் கூரையிலும் அதன் விளிம்புகளிலும்தான் இருக்கும். இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகும் பெரும்பாலான டிரெய்லர்களைப் போல உங்களுடையதும் மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றின் இடையே கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே அலுமினியத் தகடு, மேலே ரப்பர் விரிப்பு என்ற அமைப்பில் இருக்கக்கூடும். அந்த விரிப்பு எளிதில் கிழியாது. கூரையில் ஓட்டை போட்டுப் பொருத்திய ஒவ்வொன்றையும் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட்தான் (நீர் புகாமல் அடைக்கும் பசைதான்) வெயிலில் காய்ந்து வெடிக்கும்: காற்றுப் போக்கிகள், குளியலறைக் கூரைச் சன்னல், கழிவுக் குழாயின் மூடி, மூலைப் பட்டைகள், முன்னும் பின்னும் மேலே இருக்கும் சிறு அடையாள விளக்குகள். நான் வாங்கிய முதல் டிரெய்லரில் தரைவிரிப்பையும் மெத்தையையும் மாற்றி, ஒரு கோடை முழுவதும் பணத்தைச் செலவழித்த பிறகே, முன்பக்க அடையாள விளக்கின் இரண்டு திருகுத் துளைகள் வழியே தண்ணீர் இறங்குவதைக் கண்டேன். மேலலமாரியின் பின்பலகையைக் கழற்றியபோது, உள்ளே இருந்த சட்டம் வடிகட்டிய தேயிலைச் சக்கைபோல விரலில் உதிர்ந்தது. அதை மாற்றியதும் வாடை நின்றது. புதிய தரைவிரிப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

தேடும் முறை எளிது. மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு மானி ஒன்றை வாங்கி, சன்னல்களின் கீழ் மூலைகள், மேலலமாரிகளின் உட்புறம், படுக்கைக்கு அடியில் உள்ள வெளிச்சுவர், கதவு வாசற்படி, குளியல் தொட்டியின் ஓரம் ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அங்கே மரம் மக்கத் தொடங்கியிருக்கும் அல்லது விரைவில் தொடங்கும். மானி இல்லாவிட்டால் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பலகை அமுங்காது. வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்க்க வேண்டும். பல டிரெய்லர்களின் அடிவயிற்றை நெளி பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருப்பார்கள். மேலே கசிந்த தண்ணீர் அதில் இறங்கித் தேங்கி, பஞ்சையும் தரைப்பலகையையும் ஆண்டுக்கணக்கில் நனைத்தபடி இருக்கும். தகட்டின் ஓர் ஓரத்தை அவிழ்த்துப் பார்க்காமல் இந்த வேலையை முடித்ததாகக் கொள்ளாதீர்கள்.

கசிவைக் கண்டால் முதலில் அதை அடைக்க வேண்டும். அடைக்காமல் உலர்த்துவது வீண். கூரையின் மேல் சாதாரணச் சிலிக்கானைப் பூசாதீர்கள். அது ரப்பர் கூரையில் நெடுநாள் பிடிப்பதில்லை, பின்னால் பூசும் எதையும் தன்மேல் ஒட்டவும் விடுவதில்லை. ரப்பர் கூரைக்கென்றே விற்கப்படும், தானாகப் பரவிப் படியும் சீலன்ட்டைப் பயன்படுத்துங்கள். சன்னல், விளக்கு, மூலைப் பட்டை ஆகியவற்றைக் கழற்றி, பழைய பிசினைச் சுரண்டியெடுத்து, புதிய பியூட்டைல் டேப்பின் (நீர் புகாத, ஒட்டும் ரப்பர் நாடாவின்) மேல் மறுபடி பொருத்துங்கள். அடுத்தது, மக்கிய மரத்தையும் நனைந்த பஞ்சையும் நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுப்பது. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து, பலகையின் மேல் பிளீச்சைத் தெளித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பிளீச் மரத்தின் மேற்பரப்பில் உள்ள கறையை வெளுக்குமே தவிர, உள்ளே ஊடுருவிய பூசணத்தை எட்டாது. அதோடு வரும் தண்ணீரோ உள்ளே இறங்கிவிடும். வெட்டிய இடத்தை நன்றாக உலரவிட்டு, மீந்திருக்கும் மரத்துக்குப் பூசணத்தைத் தடுக்கும் போரேட் கரைசல் பூசி, அதன் பிறகே புதிய பலகையை வையுங்கள். இந்த வேலையின்போது என்-95 முகக்கவசம் கட்டாயம்.

உலர்த்துவதற்குக் கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. ஓஹாயோவின் கோடைக் காற்றே ஈரமானது. அமுக்கியுடன் கூடிய மின் ஈரப்பத நீக்கி ஒன்றை உள்ளே வைத்து, அதன் குழாயைச் சமையல் தொட்டியில் விட்டு, கதவு சன்னல்களை மூடி, ஒரு சிறு விசிறியையும் ஓடவிட்டு, ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிலைக்கும்வரை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு வாளிகள் மூடிவைத்த டிரெய்லருக்கு உதவுமே தவிர, நனைந்த சுவரை உலர்த்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. குளிராக இருக்கிறதே என்று சமையல் அடுப்பை எரியவிட்டு உலர்த்த முயல்வது ஆபத்தானது மட்டுமல்ல, நேர் எதிர் விளைவையும் தரும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாகி உள்ளேயே தங்கும். சூடேற்றும் உலையின் புகை வெளியே போய்விடுவதால் அதைப் பயன்படுத்தலாம்.

உங்கள் இரண்டாவது வாடை, அதாவது பயணம் முடிந்து கதவைத் திறந்ததும் அடிக்கும் சாக்கடை வீச்சம், பெரும்பாலும் கழிவுத் தொட்டியில் இருக்கும் அழுக்கினால் வருவதில்லை. தொட்டியின் காற்றுக்கும் நீங்கள் இருக்கும் அறைக்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்புகளில் ஏதோ ஒன்று போய்விட்டது என்பதே அதன் பொருள். அத்தகைய தடுப்புகள் நான்கு. முதலாவது, சமையல் தொட்டி, குளியல் தொட்டி போன்ற ஒவ்வொன்றின் அடியிலும் வளைந்து நிற்கும் ட்ராப் குழாயில் தேங்கும் தண்ணீர். நெடுநாள் நிறுத்தி வைத்தால் அது வற்றிவிடும், சாலையின் குலுக்கலில் சிந்தியும் போகும். குளியல் தொட்டியின் ட்ராப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிளம்பும்போதும் சென்றடைந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். இரண்டாவது, சமையல் தொட்டியின் அடியில் நிமிர்ந்து நிற்கும் கறுப்பு மூடி போன்ற காற்று வால்வு. தண்ணீர் வடியும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் மூடியிருக்க வேண்டிய அதன் ரப்பர் காலப்போக்கில் விறைத்துத் திறந்தே நின்றுவிடும். சில டாலர் விலையுள்ள அதைக் கையாலேயே திருகி மாற்றலாம். 1998 டிரெய்லரில் அது பழையதாகவே இருந்தால் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கழிவறைக் கோப்பையின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம். இரவில் கோப்பையில் இரண்டங்குலம் தண்ணீர் விட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால், வளையத்தின் பள்ளத்தில் படிந்த சுண்ணத்தை முதலில் துடைத்தெடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வளையத்தை மாற்றுங்கள். நான்காவது தடுப்பைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தொட்டியிலிருந்து கூரைக்குச் செல்லும் காற்றுக் குழாய், கூரை மூடியோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. கூரைத் துளைக்குள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்கும் துளைக்கும் இடையே இடைவெளி அடைபடாமல் இருந்தால் வாயு மச்சின் உட்புறம் பரவி, விளக்குத் துளைகள் வழியே அறைக்குள் இறங்கும். கீழ்முனையிலோ, குழாய் ஒரு ரப்பர் வளையத்தில் மட்டுமே செருகப்பட்டிருந்தால், குலுக்கலில் நழுவித் தொட்டிக்குள் ஆழ இறங்கிவிடும். திரவம் அதன் வாயைத் தொட்டதும் வாயு மேலே போக வழியின்றி, கழிவறைக் கோப்பையின் அடைப்பைத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும். மேல் மூடியைக் கழற்றி, குழாய் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும். இறங்கியிருந்தால் மேலே இழுத்து, இடைவெளியை அடைத்துவிடலாம். இதோடு ஒரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். குளியலறையின் கூரை விசிறி ஓடும்போது கோப்பையின் அடைப்பைத் திறந்தால், விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகத் தொட்டியின் காற்று உள்ளே வரும். விசிறியை நிறுத்தி, திறந்து, மூடி, அதன் பிறகு ஓட்டுங்கள்.

தொட்டிகளையும் ஒரு முறை ஒழுங்காகக் கழுவத்தான் வேண்டும். முகாமில் கழிவுக் குழாயை இணைத்ததும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவைப்பவர்கள் உண்டு. திரவம் ஓடிவிட, திடப்பொருள் மட்டும் குவிந்து காய்ந்து, பிறகு எந்த மருந்துக்கும் கரையாது. முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருக்கலாம் என்று எண்ணி, தொட்டியை மூன்றில் இரண்டு பங்கு நீரால் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் சிறிது விட்டு, ஐம்பது மைல் ஓட்டிச் சென்று கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். எப்போதும் கழிவறைத் தொட்டியை முதலிலும், சமையல், குளியல் நீர்த் தொட்டியைப் பிறகும் திறந்தால், பின்னது முன்னதின் குழாயைக் கழுவிவிடும். சமையல் நீர்த் தொட்டியை அற்பமாக நினைக்காதீர்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஊறிய அந்த நீர் சில நாளில் கழிவறைத் தொட்டியைத் தோற்கடித்துவிடும். தாளித்த சட்டியை நேராகத் தொட்டியில் கழுவும் நம் வீடுகளில் இது இரட்டிப்பாக உண்மை; தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் முட்டை நாற்றம் வருகிறதென்றால் காரணம் வேறு. எஃகுத் தொட்டியுள்ள வெந்நீர்க் கலன்களில், தொட்டி துருப்பிடிக்காதிருக்க மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். நீரிலுள்ள சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா அந்தக் கம்பியின் துணையோடு ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். கலனை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு கம்பியைக் கழற்றி, உட்புறத்தை நீரால் அலசி, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பியை மாட்டுங்கள். அலுமினியத் தொட்டியுள்ள கலன்களில் பிளாஸ்டிக் அடைப்பான்தான் இருக்கும். அங்கே கம்பி தேவையில்லை. நல்ல நீர்த் தொட்டியையும் அதே நாளில் தூய்மை செய்துவிடலாம்: வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு 15 கேலனுக்கும் கால் கோப்பை வாசனையற்ற வீட்டுப் பிளீச் சேர்த்து, எல்லாக் குழாய்களிலும் நெடி வரும்வரை ஓடவிட்டு, குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து முழுவதும் அலசுங்கள். நீங்கள் ஏற்கெனவே வினிகர் பயன்படுத்தியிருப்பதால் ஓர் எச்சரிக்கை: வினிகரும் பிளீச்சும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். இரண்டுக்கும் நடுவே நீரால் நன்கு அலசிவிடுங்கள்.

உலையைப் போட்டதும் மூத்திர நெடி வந்தால் அது எலி. தரையடிக் காற்றுக் குழாய்கள், சுவர்ப் பஞ்சு, குளிர்பெட்டியின் பின்புறம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இங்கே அவசரப்பட்டுப் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது. 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் பலரைக் கொன்ற ஹான்டா வைரஸ், மான் எலியின் உலர்ந்த கழிவுத் தூசி மூச்சில் போவதால் தொற்றுவது. அரை மணி நேரம் கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் எடுங்கள். மூத்திரம் ஊறிய பஞ்சைக் கழுவ முடியாது, தூக்கி எறியுங்கள். பலகையில் ஊறியதற்கு, நன்கு அலசி உலர்த்திய பிறகு, செல்லப்பிராணிகளின் சிறுநீருக்கென விற்கும் நொதிக் கரைசல் உதவும். கால் அங்குல இடைவெளியே எலிக்குக் கதவாகும் என்பதால், குழாய்களும் மின்கம்பிகளும் நுழையும் துளைகளைச் செப்பு வலையால் அடையுங்கள்.

முந்தைய உரிமையாளர் புகைப்பவரா என்று நீங்கள் சொல்லவில்லை. மேலலமாரியின் உட்சுவரை ஈரத் துணியால் துடைக்கும்போது துணி தேன் நிறத்தில் வந்தால் ஆம் என்று கொள்ளுங்கள். துணி, நுரை, தரைவிரிப்பு ஆகியவற்றில் ஏறிய புகைக்காறலைக் கழுவிப் போக்க முயல்வது பெரும்பாலும் காலவிரயம். கழற்றி எறிவதே மலிவு. சுவரையும் மச்சையும் டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலால், காகித மேற்பரப்பு ஊறாதபடி பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஷெல்லாக் அடிப்படையிலான பிரைமர் பூசி, அதன்மேல் வண்ணம் அடியுங்கள். கூரைக் குளிர்சாதனத்தின் வடிகட்டியையும் சுருள் தகடுகளையும் விட்டுவிட்டால், குளிர்சாதனத்தைப் போட்ட முதல் நாளே காறல் திரும்பிவிடும்.

ஓசோனைப் பற்றி இப்போது சொல்லலாம். வாடையைப் போக்கும் அளவு செறிவில் அது நுரையீரலைக் காயப்படுத்தும். அமெரிக்கப் பணியிட விதி எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் சராசரி பத்து இலட்சத்தில் 0.1 பங்குதான். மேற்பரப்பில் இருக்கும் எச்சத்தை அது ஆக்சிஜனேற்றும், ஆனால் ஈரச் சுவரையோ வற்றிய ட்ராப்பையோ அதனால் எதுவும் செய்ய முடியாது. கதவு, சன்னல்களின் ரப்பரையும் வெடிக்கச் செய்யும். எல்லா மூலங்களையும் அகற்றிய பிறகும் மெல்லிய காறல் மீந்திருந்தால், ஆளோ விலங்கோ உள்ளே இல்லாதபோது ஒரே ஒரு முறை ஓடவிட்டு, பிறகு பல மணி நேரம் காற்றாடவிடலாம். அதற்குக் கருவியை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

புதிய பலகை வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் மக்களைக் குடியமர்த்திய டிரெய்லர்களில் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டதாகப் புகார் எழுந்து, 519 குடியிருப்புகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அளந்தபோது, பார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து வரும் அந்த வாயு, உங்கள் டிரெய்லரின் பழைய பலகைகளிலிருந்து பெருமளவு வெளியேறிவிட்டிருக்கும். மாற்றிப் பொருத்தும் பலகை அதைத் திரும்பக் கொண்டுவராதிருக்க, டி.எஸ்.சி.ஏ. ஆறாம் தலைப்பு (பலகையின் பார்மால்டிஹைடைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம்) முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

வரும் சனிக்கிழமை ட்ராப்களில் தண்ணீர் ஊற்றி, காற்று வால்வை மாற்றிவிட்டு, கழிவறைக் கோப்பையில் நீர் விட்டு வையுங்கள். இது ஒரு மணி நேர வேலை. ஞாயிறு காலை ஏணி போட்டுக் கூரை விளிம்புகளைப் பார்த்துவிட்டு, ஒருவர் கீழிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு பொருத்துக்கும் பத்து நிமிடம் வீதம், குழாயால் மழைபோல் நீர் தெளிக்க, மற்றவர் உள்ளே மேலலமாரிகளைக் காலி செய்து கைவிளக்கோடு காத்திருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்தத் துளை வழியாக வந்தது என்று தெரியாமல் போகும். ஈரம் தெரிந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, மானியின் அளவையும் தேதியையும் அங்கேயே எழுதி வையுங்கள்.